புதிதாக வந்த ஃபேஷன் பொம்மை: பார்சல் பிரிப்பதிலிருந்து அலமாரியில் நிறுத்துவது வரை முழு வழிகாட்டி

பார்சல் வந்த கையோடு கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். எத்தனை மாதம் காத்திருந்த பொம்மையாக இருந்தாலும் சரி. மே மாதச் சென்னையில் அந்த அட்டைப்பெட்டி டெலிவரி வண்டிக்குள் எத்தனை மணி நேரம் வெந்தது என்று நமக்குத் தெரியாது. பொம்மையின் உடலான வினைல் பிளாஸ்டிக் சூடேறி இளகியிருக்கும். அந்த நேரத்தில் இறுக்கமான உடையை உருவினாலோ காலை அழுத்தி மடக்கினாலோ தடம் பதிந்துவிடும். வெயில் படாத அறையில் மூன்று, நான்கு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். சாயங்காலம் வந்த பார்சலை நான் மறுநாள் காலையில்தான் பிரிப்பேன். பகல் வெளிச்சம் வேண்டும் என்பதும் ஒரு காரணம். டியூப் லைட்டின் கீழே பார்த்துத் தோல் நிறத்தையும் உதட்டுச் சாயத்தையும் பற்றி என்ன முடிவுக்கு வந்தாலும் அது காலையில் மாறிவிடும்.

போன வாரம் எனக்கு வந்தது ஒரு சில்க்ஸ்டோன் பார்பி, அதாவது பீங்கான் போலக் கெட்டியான வினைலில் செய்தவள். பொன்நிறக் கொண்டை, கறுப்புக் காலுறை, காதில் முத்துத் தோடு. இன்னொரு சேகரிப்பாளர் பல ஆண்டுகள் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்து விற்றது. அவளைப் பிரித்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். நீங்கள் வாங்கியது வேறு வகைப் பொம்மையாக இருந்தாலும் வரிசை பெரிதாக மாறாது.

படி 1: வெளிப்பெட்டி

பிரிக்கும்போது போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துவிடுங்கள். முகவரிச் சீட்டு, நான்கு மூலைகள், டேப் ஒட்டிய இடம் எல்லாம் தெரியட்டும். உடைந்து வந்திருந்தால் விற்றவரிடம் பேச உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். கட்டர் பிளேடை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். வெளிப்பெட்டிக்கும் பொம்மைப் பெட்டிக்கும் நடுவே பல நேரம் ஒரு சுற்று பபிள் ரேப் மட்டுமே இருக்கும்.

படி 2: வந்திருப்பது யார்?

பெட்டியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, வந்திருக்கும் பொம்மை எந்த வழியில் பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாவிட்டால், அவளிடம் இல்லாத ஒன்றை எதிர்பார்த்து ஏமாந்து போவீர்கள்.

பார்பி முதன்முதலில் மக்கள் முன் வந்தது 1959 மார்ச் 9, நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில். மேட்டல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லர், ஜெர்மனியில் விற்ற பில்ட் லில்லி என்ற பொம்மையைப் பார்த்த பிறகு உருவாக்கியது. உயரம் 11.5 அங்குலம். அந்த முதல் பார்பி ஓரக்கண்ணால் பார்ப்பாள். அந்தப் பார்வை 1971-இல் மாலிபு பார்பி வரும்வரை நீடித்தது. அவள்தான் நேராகப் பார்த்துச் சிரித்தாள். 2000-ஆம் ஆண்டில் வடிவமைப்பாளர் ராபர்ட் பெஸ்ட் கைவண்ணத்தில் வந்த சில்க்ஸ்டோன் வரிசை, 1959-இன் அந்த ஓரப் பார்வைக்கும் வளைந்த புருவத்துக்கும் திரும்பிப் போனது. ஆகவே என் பொம்மை என்னைப் பார்க்கவில்லை, இன்னும் சிரிக்கவுமில்லை என்பது குறை ஆகாது. அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

அளவையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மெல் ஓடம் வடிவமைத்து 1995-இல் வந்த ஜீன் மார்ஷல் பொம்மை 15.5 அங்குலம். ராபர்ட் டோனரின் டைலர் வென்ட்வொர்த் பொம்மை 16 அங்குலம். இவர்களுடைய உடை பார்பிக்குச் சேராது. இன்டெக்ரிட்டி டாய்ஸின் ஃபேஷன் ராயல்டி பொம்மைகள் 12 அங்குலம் என்பதால் பார்பியின் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி இருப்பார்கள். அவற்றை வடிவமைத்த ஜேசன் வூதான் 2009-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் பதவியேற்பு விழா இரவில் மிஷெல் ஒபாமா அணிந்த வெள்ளை கவுனையும் வடிவமைத்தவர். பொம்மைக்குத் தைத்துப் பழகிய கை என்று தெரிந்த பிறகு அந்த கவுனை நான் வேறு விதமாகப் பார்த்தேன்.

பழைய பொம்மை வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. முதுகின் கீழே, இடுப்புக்குப் பின்னால் ஓர் ஆண்டு பொறித்திருக்கும். அது அந்த வார்ப்பின் பதிப்புரிமை (காப்பிரைட்) ஆண்டு. பொம்மை செய்த ஆண்டு அல்ல. 1966 என்று பொறித்த உடல்கள் 1990-களிலும் வந்துகொண்டிருந்தன. "1966-ஆம் ஆண்டுப் பார்பி, அரிய பொருள்" என்று யாராவது பெரிய விலை சொன்னால், பின்கழுத்தின் ஓரத்தில், முடிக்குக் கீழே, தலைக்குத் தனியாகப் பொறித்த ஆண்டையும் காட்டச் சொல்லுங்கள். அங்கே 1976 இருந்தால் கதை வேறு. தலையின் ஆண்டுக்கு முன்னால் அந்தப் பொம்மை பிறந்திருக்க முடியாது.

படி 3: பிரிப்பதா, அப்படியே வைப்பதா

இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: பிரியுங்கள். பிரிக்காத பெட்டிக்கு விலை அதிகம் என்பது உண்மைதான். விற்கும் எண்ணத்தில் வாங்கியவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் மூடிய பெட்டிக்குள் பொம்மை பத்திரமாக இருக்கிறது என்று நம்பினால், அது தவறு.

வினைல் என்று நாம் சொல்லும் பிவிசி இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். அதை மெத்தென்று ஆக்க ஒரு நெகிழ்வுப் பொருளைக் கலக்கிறார்கள். சூட்டிலும் காலப்போக்கிலும் அது மெல்ல வெளியே கசியும். பழைய பொம்மைகளின் கால் பிசுபிசுவென்று ஒட்டுவது இதனால்தான். அப்படிக் கசியும்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாமே கெடும்: மணிக்கட்டில் போட்ட ரப்பர் வளையம் இளகி ஒட்டிக்கொள்ளும், கறுப்புத் துணி சாயம் ஏற்றும், கெட்டியான பிளாஸ்டிக் ஸ்டாண்டு உருகிப் பள்ளம் விழும். 1960-களின் பார்பிகளுக்குக் காதைச் சுற்றிப் பச்சை படர்வதும் இந்த வகைதான். தோட்டின் உலோகத்தில் இருக்கும் செம்பு வினைலில் இறங்கி ஏற்படுத்தும் கறை அது. பெட்டி மூடியிருப்பதால் இவை நிற்பதில்லை. நாம் பார்ப்பது மட்டும்தான் நிற்கிறது.

என் பொம்மையின் பெட்டியைத் திறந்தபோது நான் முதலில் தேடியது மணிக்கட்டைத்தான். இரண்டு மெல்லிய வளையங்கள், இன்னும் ஒட்டவில்லை. நல்ல வேளை. இன்னொரு சென்னை வெயிலை அவை தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

படி 4: கட்டவிழ்ப்பது

தேவையானவை: கூர்மையான சிறு கத்தரிக்கோல், எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சின்ன கட்டிங் பிளேயர், மேஜை மேல் விரிக்க ஒரு வெள்ளைத் துண்டு. வெள்ளை ஏனென்றால், விழும் மணியும் செருப்பும் உடனே தெரியும். வினைலில் சாயமும் ஏறாது.

அட்டையின் பின்பக்கம் திருப்பி எல்லாக் கட்டுகளையும் அங்கிருந்தே அறுங்கள். முன்பக்கம் கத்தரிக்கோலைக் கொண்டுபோனால் என்றைக்காவது ஒருநாள் உடையில் படும். தலைக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பிளாஸ்டிக் முட்கள் குத்தியிருக்கும், துணிக்கடையில் விலைச்சீட்டு மாட்டுவது போல. அவற்றைப் பிடித்து இழுக்காதீர்கள், தலையின் வினைல் கிழிந்து துளை பெரிதாகும். பிளேயரால் தலையை ஒட்டி நறுக்கிவிட்டு, மீதித் துண்டை உள்ளே தள்ளிவிடுங்கள். அசைத்தால் லேசாகக் கடகடக்கும், அவ்வளவுதான். முடியின் மேல் தைத்த நூல், வலை, பிளாஸ்டிக் பட்டை எல்லாவற்றையும் கடைசியில் எடுங்கள்.

தோட்டின் முள் உலோகம் என்றால் லேசாகத் திருகி நேராக வெளியே எடுத்து, ஒரு சிறு பையில் போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், ஒட்டியிருக்கலாம்.

படி 5: முகம்

அவசரமே கூடாத இடம் இது. விளம்பரப் படத்தில் வரும் முகம், நல்ல விளக்குகளின் கீழ், தேர்ந்தெடுத்த ஒரு பொம்மையை எடுத்த படம். உங்கள் கையில் இருப்பது வேறொருத்தி.

ஏன் வேறு என்று தெரிந்தால் மன்னிக்கவும் மதிப்பிடவும் எளிது. பெரும்பாலான பொம்மைகளின் முகம் டாம்போ என்ற அச்சு முறையில் வருகிறது. உலோகத் தகட்டில் செதுக்கிய வடிவத்தில் மை நிரப்பி, அதை ஒரு மெத்தென்ற சிலிக்கோன் திண்டு தொட்டு எடுத்து முகத்தில் ஒற்றும். கண்ணின் வெள்ளை ஒரு ஒற்று, கருவிழி இன்னொன்று, இமைக்கோடு இன்னொன்று, புருவமும் உதடும் தனித்தனி. இதில் ஏதாவது ஓர் ஒற்று அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பார்வையே மாறிவிடும். ஒரே அலமாரியில் நிற்கும் பத்துப் பொம்மைகளில் ஒருத்தி சோகமாகவும் ஒருத்தி திமிராகவும் தெரிவது இதனால்தான். இப்போது சில பொம்மைகளுக்கு டிஜிட்டல் முறையிலும் அச்சிடுகிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிவது இந்த வகை.

நான் பார்க்கும் முறை இது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, பொம்மையை என் கண்ணுக்கு நேராக, கையை நீட்டிப் பிடிப்பேன். மேலிருந்து குனிந்து பார்த்தால் எல்லா முகமும் முறைக்கும். அப்புறம் ஒரு விசிட்டிங் கார்டை மூக்கின் நடுவில் வைத்து முகத்தின் ஒரு பாதியை மறைத்துப் பார்ப்பேன், பிறகு மறு பாதியை. கடைசியாகக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பேன். நம் கண்ணுக்குப் பழகிப்போன கோணலைக் கண்ணாடி உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

ஓரக்கண்ணால் பார்க்கும் பொம்மைகளில் ஒரு கண்ணில் வெள்ளை அதிகம் தெரிவது பிழை இல்லை. அங்கே மேலிமைக் கோடுகளைத்தான் ஒப்பிட வேண்டும்: இரண்டும் ஒரே உயரத்தில் தொடங்குகின்றனவா, வால் ஒரே அளவு மேலே ஏறுகிறதா என்று.

முன்பு ஒருமுறை வேறொரு பொம்மை, ஒரு கருவிழி சற்றே மேலேறி வந்தது. முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. திருத்திவிடலாம் என்று அசிட்டோன் தொட்ட பஞ்சை எடுத்தேன். கருவிழியோடு இமைக்கோடும் போனது. உங்களுக்கு நான் சொல்வது: முதல் வாரத்தில் முகத்தில் எதையும் தொடாதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் அச்சு மையைக் கரைக்கும், கெட்டி பிளாஸ்டிக்கையும் கரைக்கும். தூசி என்றால் ஈரத் துணியின் நுனி போதும்.

புகைப்படம் எடுக்கும்போது போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு வீங்கித் தெரியும். அரை மீட்டர் தள்ளி வைத்து ஜூம் செய்யுங்கள்.

என் சில்க்ஸ்டோன் பெண்ணின் முகத்தைப் பற்றி: படத்தில் அவள் குளிர்ந்த, எட்டாத அழகியாக இருந்தாள். கையில், காலை வெளிச்சத்தில், எதையோ கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பவளைப் போல இருக்கிறாள். உதட்டுச் சிவப்பு நான் நினைத்ததைவிட ஆரஞ்சுப் பக்கம். எனக்கு இது படத்தைவிடப் பிடித்திருக்கிறது.

படி 6: முடி

கொண்டை, சுருள், அலை என்று தொழிற்சாலையில் அமைத்து வந்த முடியில் சீப்பு வைக்காதீர்கள். ஒருமுறை கலைத்தால் அதே வடிவம் திரும்ப வராது. தொங்கவிட்ட முடி என்றால், இழை எதுவென்று விரலால் பாருங்கள். சாரன் கனமாக, வழுக்கலாக இருக்கும், வடிவம் நன்றாக நிற்கும். நைலான் பளபளப்பாக, பட்டு மாதிரி. கானெகலோன் லேசாக, மென்மையாக, நிஜ முடிக்குப் பக்கத்தில். பாலிப்ரொப்பிலீன் வறண்டு, சற்று நார் போல. எதுவானாலும் சிக்கெடுப்பது நுனியிலிருந்துதான், மேலிருந்து இழுத்தால் வேரோடு வரும். ஸ்ட்ரெய்ட்னர் எதற்கும் ஆகாது; கருகிச் சுருண்ட செயற்கை இழையைச் சரிசெய்யவே முடியாது.

எண்ணெய் வைக்காதீர்கள். என் அக்கா மகள் பாசத்தோடு என் பொம்மை ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னலிட்டாள். குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை, நம் வீட்டில் முடி என்றால் அதுதானே. பாத்திரம் கழுவும் திரவத்தில் மூன்று முறை அலசித்தான் பிசுக்கு போனது.

படி 7: உடலும் மூட்டும்

சில்க்ஸ்டோனைக் கையில் எடுத்தவுடன் தெரிவது எடை. பீங்கான் போன்ற உணர்வைத் தரும் கெட்டியான வினைல் கலவை அது. உள்ளங்கையில் குளிர்கிறது. நகத்தால் தட்டினால் சத்தம் சன்னமாகக் கேட்கிறது. முழங்கால் மடங்காது. நிற்கவும் சாயவும் மட்டுமே பிறந்தவள். விளையாடி மகிழ நினைப்பவர்களுக்கு அவள் ஒத்துவர மாட்டாள்.

மூட்டுகள் உள்ள பொம்மை வேண்டும் என்றால், 2015-இல் வந்த பார்பியின் மேட் டு மூவ் வரிசை 22 மூட்டுகளோடு வந்தது. அப்படிப்பட்ட பொம்மையில் ஒவ்வொரு மூட்டாக, மெதுவாக, அது போகும் திசையை முதலில் கண்டுபிடித்து அசையுங்கள். இறுக்கமாக இருந்தால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு முயலுங்கள். தலையை மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் கழுத்துக் குமிழ் உடைந்தால் தலை நிற்காது.

படி 8: உடை

ஃபேஷன் பொம்மை என்ற பெயரே உடையால் வந்தது. ஆகவே கழற்றி, உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். 11.5 அங்குலப் பொம்மையின் அளவு ஏறத்தாழ 1:6. ஆனால் நூலை ஆறில் ஒரு பங்காக யாரும் நூற்க முடியாது. நமக்குச் சாதாரணமான நூல் அவளுக்குக் கயிறு, நமக்கு மெல்லிய காட்டன் அவளுக்கு ஜமுக்காளம். இடுப்பில் சுருக்கு வைத்தால் மூட்டை கட்டியது போல் ஆகிவிடும். நல்ல பொம்மை உடை இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் தையல்காரரின் திறமை இருக்கிறது. துணி உடம்போடு விழுகிறதா, விறைத்து நிற்கிறதா? ஓரம் மடித்துத் தைத்திருக்கிறதா, வெட்டி விட்டிருக்கிறதா? லைனிங் உண்டா? பின்னால் ப்ரெஸ் பட்டனா, வெல்க்ரோவா? வெல்க்ரோ என்றால் முடியும் காலுறையும் அதில் மாட்டும். முடியை ஒரு மெல்லிய துணியால் சுற்றிவிட்டுத்தான் உடை மாற்ற வேண்டும்.

கையில் உடை நுழையாவிட்டால் விரல்கள் மேல் சின்ன பாலிதீன் பையை மாட்டி, அதன்மேல் வழுக்கிவிடுங்கள். செருப்பை நேராகத் தள்ளாமல் லேசாகத் திருகிக்கொண்டே ஏற்றுங்கள்.

கறுப்பு, சிவப்பு, அடர்நீலம் என்றால் உள்தையலில் ஈரப்பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். சாயம் வந்தால் அந்த உடையோடு அவளை நிறுத்தி வைக்க வேண்டாம். புகைப்படம் எடுத்துவிட்டு வெளிர்நிற உடைக்கு மாற்றுங்கள். நான் அவளுடைய கறுப்புக் காலுறையைக் கழற்றிவிட்டேன். ஏற்கெனவே ஏறிய கறைக்கு, பென்சாயில் பெராக்சைடு உள்ள பருக் களிம்பைத் தடவி வெளிச்சத்தில் வைப்பார்கள். அது வேலை செய்யும், ஆனால் வினைலின் நிறத்தையும் வெளுக்க வைக்கும். முகத்தருகே வேண்டவே வேண்டாம்.

படி 9: எங்கே நிறுத்துவது

எங்கள் வீட்டில் கொலு பொம்மைகளை அம்மா பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுவார். அந்த வேட்டித் துணி வினைல் பொம்மைக்கும் நல்லது, சாயமில்லாத பருத்தி. பரண்தான் ஆகாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அந்தச் சூடு நெகிழ்வுப் பொருளை வேகமாகக் கசிய வைக்கும். பட்டுப்புடவை பீரோவும் ஆகாது. அங்கே அந்துருண்டை இருக்கும், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக வைக்கும். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தால் ஊதுபத்திப் புகையும் விளக்கில் எரியும் எண்ணெயின் பிசுக்கும் மெல்லிய படலமாகப் படியும்.

நேர் வெயில் வராத, கரையான் இல்லாத உள்சுவர், கண்ணாடிக் கதவுள்ள அலமாரி, மூலையில் ஒரு சிலிக்கா ஜெல் பை. இடுப்பைப் பிடிக்கும் ஸ்டாண்டு என்றால் அது தொடும் இடத்தில் வெள்ளைத் துணிப் பட்டை ஒன்று. பொம்மையும் பொம்மையும் உரசாமல் இரண்டு விரல் இடைவெளி.

ஏழாம் நாள்

முதல் நாளே மனதில் பட்டதை ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். அதை ஏழாம் நாள் எடுத்துப் படித்துவிட்டு, அவளை மறுபடியும் ஜன்னலோரம் கொண்டுவாருங்கள். திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்ற முடிவை அப்போது எடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடியாது என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் நாள் குறிப்பில் "கழுத்து நீளம், தலை சற்றுப் பெரிது" என்று இருந்தது. நேற்று பார்த்தபோது தலை பெரிதாகத் தெரியவில்லை. கொண்டைக்கு அந்தக் கழுத்து தேவைதான் என்று தோன்றியது. உதட்டின் ஆரஞ்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் குறிப்பை அடிக்காமல் பக்கத்திலேயே புதியதையும் எழுதியிருக்கிறேன்.

சான்றிதழ், அறுத்த கட்டுகளைத் தவிர்த்த உள்அட்டை, தோடு வைத்த பை, காலுறை எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்தாயிற்று. பரணுக்குப் போனது காலிப் பெட்டி மட்டும்.